இன்சூரன்ஸ் ரசீதுல ஊர் பேர பாத்தீங்களா? ‘கீழ’க்கு பதிலா ‘மேல’ன்னு போட்டதுல எங்க பணம் போச்சு

எல்லாருக்கும் வணக்கம். நவம்பர் 15 நெருங்குது, சம்பா தாளடி நெல்லுக்கு பயிர் இன்சூரன்ஸ் போட கம்ப்யூட்டர் சென்டர் வாசல்ல கூட்டம் நிக்க ஆரம்பிச்சாச்சு, அதான் இப்ப எழுதுறேன். ரெண்டு வருஷமா எழுதணும் எழுதணும்னு நெனச்சு, எழுதினா நம்ம அசட்டுத்தனம்தானே ஊருக்கு தெரியும்னு விட்டுட்டேன். முந்தாநாள் கடைத்தெருவுக்கு போனா, அன்னிக்கு எங்களுக்கு தப்பா போட்டுக் குடுத்த அதே கடைல புது போர்டு, இங்கு பயிர் காப்பீடு செய்து தரப்படும்னு, மாலையெல்லாம் போட்டு மாட்டிருக்கான். பாத்ததும் வயிறு எரிஞ்சுது. கடை பேரு ஆளு பேரு எதுவும் போட மாட்டேன், போட்டா நாளைக்கு எங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பான், பக்கத்து ஊரு புள்ளதான் அவனும்.

எங்க ஊரு நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவுல, பாமணியாத்து பாசனம். ஊர் பேருக்கு முன்னாடி ‘கீழ’ன்னு வரும். ஆத்துக்கு அந்தாண்ட அதே பேர்ல ‘மேல’ன்னு இன்னொரு ஊரு. நம்ம பக்கம் பாதி ஊரு இப்படித்தானே, கீழ மேல வட தென்னு ஒரு பேர ரெண்டா பிச்சு வச்சிருப்பாங்க. எங்க கல்யாணப் பத்திரிகையே பாதி அந்தாண்ட போயிட்டுதான் இங்க வந்துச்சு, அப்ப அது சிரிப்பா இருந்துச்சு.

நெலம் மாமனார் பேர்ல ஒம்போது மா, அதாவது மூணு ஏக்கர். வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல இருக்காங்க, இங்க வெள்ளாமைன்னா மாமாவும் நானும்தான். மாமாவுக்கு கையெழுத்து போடத் தெரியும், தமிழ் பேப்பர் எழுத்துக் கூட்டி படிப்பாங்க. நான் டிகிரி படிச்சவ. இத எதுக்கு சொல்றேன்னு பின்னாடி புரியும்.

2022ல மேட்டூர் அணைய மே 24ஏ தொறந்துட்டாங்க, வழக்கமா ஜூன் 12தான, அதனால அந்த வருஷம் எல்லாருக்குமே ஒரு தெம்பு. நாங்க பிபிடி ரக நெல்லு நட்டிருந்தோம், பயிரும் நல்லா தூர் கட்டி நின்னுச்சு. அப்பதான் நவம்பர் 11ந்தேதி ராத்திரி சீர்காழில ஒரே மூச்சுல 44 சென்டிமீட்டர் கொட்டித் தீத்துச்சே ஞாபகம் இருக்கா, டிவில பயிரே தெரியல வெறும் தண்ணிதான். இன்சூரன்ஸ் வேணாம் அது பகல் கொள்ளைன்னு பேசிட்டு இருந்தவங்கல்லாம் மறுநாளே சிட்டா, அடங்கல்னு நெலத்து பேப்பரையெல்லாம் தூக்கிட்டு ஓடினாங்க, மாமாவும் ஓடினாங்க. கடைல அன்னிக்கு நூறு பேரு. அந்தத் தம்பி, பெரியப்பா சர்வர் டவுனா இருக்கு, பேப்பர குடுத்துட்டு போங்க, ராத்திரி ஒக்காந்து நான் ஏத்தி விட்டுடறேன், காலைல ரசீது வாங்கிக்கலாம்னு சொல்லிருக்கான். பெரியப்பான்னு கூப்ட்டுட்டான்ல, போதும் மாமாவுக்கு. பணம் ரெண்டாயிரத்து நானூறு. மறுநாள் ரசீது குடுத்தான், அதுல ஆயிரத்து அறுநூத்தி சொச்சம்தான் இருந்துச்சு, மிச்சம் எங்கப்பான்னு கேட்டதுக்கு சர்வீஸ் சார்ஜ் பெரியப்பா, கரண்ட்டு பேப்பர் எல்லாம் இருக்குல்லன்னான்.

இந்த எடத்துல ஒன்னு சொல்லிடறேன். நெல்லுக்கு சம்பா பருவத்துல விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகைல நூத்துக்கு ஒன்றரை ரூபா, மிச்ச பிரீமியம் மத்திய அரசும் மாநில அரசும் போடுது. இந்த சென்டர்காரங்களுக்கு ஒரு விண்ணப்பத்துக்கு இவ்வளவுன்னு கமிஷன் இன்சூரன்ஸ் கம்பெனிகிட்டேர்ந்து வருது, நம்மகிட்ட அதுக்கு மேல வாங்கக் கூடாது. ஜெராக்ஸ் எடுத்தா அதுக்கு காசு குடுங்க, நியாயம். எழுநூத்தி சொச்சத்துக்கு அவன் என்ன புஸ்தகமா அச்சடிச்சான்?

ஆனா பணம் போனது அதுல இல்ல. அந்த ரசீது ஏ4 பேப்பர், மை தீந்து போன பிரிண்டர், பூரா இங்கிலீஷு, எறும்பு மாதிரி எழுத்து. மாமா அத நாலா மடிச்சு மஞ்சப்பைல வச்சு கொண்டாந்து என் கைல குடுத்து, பாத்து வைம்மான்னாங்க. நான் மேலாப்புல பேரு பாத்தேன், ஏக்கரு பாத்தேன், தொகை பாத்தேன், பட்டா வச்சிருக்க பிளாஸ்டிக் கவர்ல சொருகிட்டேன். அடுப்புல பால் பொங்கிட்டு இருந்துச்சு அப்ப. அந்த ஒரு நிமிஷம் நின்னு அடில இருந்த வரிய படிச்சிருந்தா இந்தப் பதிவே கெடையாது.

2023 பிப்ரவரி மொத வாரம். அறுப்பு மிஷினுக்கு சொல்லி வச்சு, இன்னும் நாலு நாள்ல வரும்னு காத்துட்டு இருக்கோம், புடிச்சுது மழை. விடவே இல்ல. நான் மூணாவது நாள் வயலுக்கு போனப்ப பயிரு பாய் விரிச்ச மாதிரி தரையோட படுத்து கெடக்கு, மேல முழங்காலுக்கு கொஞ்சம் கம்மியா தண்ணி. மாமா ஒரு கதிர தண்ணிக்குள்ளேர்ந்து எடுத்து உள்ளங்கைல உருவிக் காட்டினாங்க, ஒவ்வொரு மணிக்கும் ஊசி மொன மாதிரி வெள்ளையா மொள. ஒன்னுமே பேசல, கைய வேட்டில தொடச்சுகிட்டாங்க. அரசாங்கம் எக்டேருக்கு 20 ஆயிரம் நிவாரணம் அறிவிச்சுது, அது எங்களுக்கும் வந்துச்சு, வரலன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அது வேற, இன்சூரன்ஸ் வேற. நிறைய பேரு ரெண்டையும் ஒன்னுன்னு நெனச்சுகிட்டு ஒன்னு வந்ததும் சும்மா இருந்துடறாங்க.

அப்ப இன்சூரன்ஸ் எப்படின்னா, பெரும்பாலும் உங்க வயல்ல என்ன ஆச்சுன்னு தனியா யாரும் வந்து பாக்க மாட்டாங்க. வருவாய் கிராமத்துக்கு ஏதோ சில வயல தேர்ந்தெடுத்து, அஞ்சு மீட்டருக்கு அஞ்சு மீட்டர் கயிறு கட்டி அறுத்து, அடிச்சு எடை போடுவாங்க. அந்த சராசரி அந்த ஊருக்குன்னு வச்சிருக்க உத்தரவாத மகசூலுக்கு கீழ போனா ஊர் பூரா பணம், போகலன்னா உங்க நெல்லு மொளச்சாலும் சரி மீன் மேஞ்சாலும் சரி ஒரு பைசா கெடையாது. அதாவது எல்லாமே ஊர் பேருலதான் நிக்கிது. புரியுதா இப்ப?

ஆவணி மாசம் எங்க தெருவுல ஒவ்வொருத்தருக்கா பேங்க்ல பணம் ஏறுது. எதுத்த வீட்டு அத்தாச்சிக்கு ஏக்கருக்கு ஒம்பதாயிரத்து சொச்சம். எங்களுக்கு மெசேஜே வரல. வரும் வரும்னு ஒரு மாசம். மாமா தினம் பாஸ்புக்க எடுத்துட்டு பேங்க்குக்கு போயி பதிஞ்சு பாத்துட்டு வருவாங்க. அப்பறம்தான் நான் அந்த ரசீத எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல வச்சு படிக்கிறேன், கிராமம்னு போட்ட எடத்துல ‘மேல’. சர்வே நம்பர் எங்களுது, ஊரு அந்தாண்ட ஊரு. அந்தாண்ட மேடு, தண்ணி சீக்கிரம் வடிஞ்சுருச்சு, மகசூல் சராசரி தாண்டிருச்சு, அவங்க யாருக்கும் பணம் கெடையாது. ஆக இந்த ஊருலயும் நாங்க இல்ல, அந்த ஊருலயும் ஒன்னும் இல்ல. இன்னொன்னு, போன் நம்பர் போட வேண்டிய எடத்துல அந்தத் தம்பி அவன் கடை நம்பர போட்டு வச்சிருக்கான், வந்த மெசேஜெல்லாம் அவனுக்கு போயிருக்கு.

நேரா கடைக்கு போனேன். அவன் மழுப்பல. அக்கா அன்னிக்கு ராத்திரி மேல ஊருக்காரங்க பத்து பேருக்கு வரிசையா போட்டேன், உங்களுது அப்படியே அதே ஊர்லயே ஏறிருச்சு, தப்புதான்க்கா, ஆனா இப்ப நான் ஒன்னும் பண்ண முடியாது, சிஸ்டம் லாக் ஆயிருச்சு, வேளாண்மை ஆபீஸ்ல கேளுங்கன்னான். மத்த எவனும் தப்புன்னு ஒத்துக்கக் கூட இல்லங்கறதனால இப்ப யோசிச்சா இவனே தேவலன்னு தோணுது, என்னத்த சொல்ல.

ஆபீஸ்ல, நாங்க அறுவடை பரிசோதனை மட்டும்தான்மா செய்யறோம், பதிவு விவகாரம் எல்லாம் கம்பெனி. கம்பெனி நம்பருக்கு அடிச்சா ஒன்ன அமுக்கு ரெண்ட அமுக்கு, பத்து நிமிஷம் பாட்டு, கடைசில ஒரு பொண்ணு புகார் எண் குடுத்துச்சு, ஒரு வாரம் கழிச்சு கேட்டா உங்க பாலிசி பதிவான கிராமத்துக்கு இழப்பீடு இல்லன்னு அதே பதில். அதத்தானம்மா தப்புங்கறேன்! பேங்க்ல, நீங்க எங்க மூலமா போடலயேன்னாங்க. அது உண்மைதான், கடன் வாங்கினவங்களுக்கு பேங்க்கே போட்டு அதுல தப்பு வந்தா பேங்க்தான் ஈடு கட்டணும்னு திட்ட விதிலயே இருக்கு, வெளிய போட்டவ நான் யார புடிக்கிறது?

குறைதீர் கூட்டத்துக்கு மூணு தடவ போனேன். மொத தடவ மனுவுக்கு ஒரு ரசீது. ரெண்டாவது தடவ மொத மனு சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டதுன்னு ஒரு கடிதம். மூணாவது தடவ அந்தத் துறை, இது எங்கள் அதிகார வரம்பில் இல்லைன்னு ஒரு கடிதம். பத்து ரூபா ஸ்டாம்பு ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்துல போட்டேன், முப்பது நாள்ல பதில் குடுக்கணும், குடுத்தாங்க, கோரிய தகவல் காப்பீட்டு நிறுவனம் தொடர்புடையதுன்னு ஒத்த வரி. ஒரே ஒரு வேளாண்மை உதவியாளர் பொண்ணு மட்டும் என்னைய ஒக்கார வச்சு, அக்கா இந்த மாதிரி உங்க ஊர்லயே இன்னும் நாலஞ்சு பேரு இருக்காங்க, நானே மேலிடத்துக்கு எழுதிப் பாத்தேன், ஒன்னும் நடக்கலன்னு சொல்லுச்சு. அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும். பாக்கி எவரும் பேப்பர்லேர்ந்து தலைய நிமித்தி என் மூஞ்சிய பாத்ததா ஞாபகம் இல்ல.

இதுல உச்சம் என்னன்னா, போன மாசம் சொந்தக்கார வக்கீல் ஒருத்தர் கல்யாணத்துல பேச்சுவாக்குல கேட்டுட்டு, ஏன் நுகர்வோர் கோர்ட்டுக்கு போகல, அஞ்சு லட்சம் வரைக்கும் கோர்ட்டு கட்டணமே கெடையாதேன்னாரு. இப்ப போலாமான்னேன். எப்ப நடந்துச்சும்மான்னாரு. 2023 ஆவணி. ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டிருக்கணும்மா, தாண்டிருச்சே, தாமதத்துக்கு காரணம் சொல்லி கேட்டுப் பாக்கலாம் ஆனா அலைச்சல்னு சொல்லிட்டு அவரு பந்திக்கு போயிட்டாரு. மனு மனுன்னு எழுதியே ரெண்டு வருஷத்த ஓட்டிருக்கேன், அவங்களுக்கும் அதான் வேணும் போல.

கிட்டத்தட்ட இருபத்தெட்டாயிரம் போச்சு. அத நம்பித்தான் கூட்டுறவு சொசைட்டில வச்ச செயின திருப்பலாம்னு இருந்தேன், அது இன்னும் அங்கதான் கெடக்கு.

அதனால தயவுசெஞ்சு பேப்பர குடுத்துட்டு வராதீங்க. சர்வர் டவுன்னா திரும்பி வந்துடுங்க, மறுநாள் போங்க, உங்க எதிர்லதான் ஏத்தணும். ஊர் பேரு, பிர்கா (குறுவட்டம்), சர்வே நம்பர் உட்பிரிவோட, பரப்பு, பேங்க் கணக்கு நம்பர், உங்க சொந்த போன் நம்பர், இத்தனையும் ரசீதுல ஒன்னொன்னா பட்டாவ பக்கத்துல வச்சு பாருங்க, இங்கிலீஷ் தெரியலன்னா காலேஜ் படிக்கிற புள்ளய கூட்டிட்டு போங்க. வீட்டுக்கு வந்ததும் அந்த விண்ணப்ப எண்ண பயிர் இன்சூரன்ஸ் வெப்சைட்டுல போட்டுப் பாத்தா நெலவரம் தெரியும், இல்லன்னா 14447க்கு போன் பண்ணி கேளுங்க. கடைசி தேதிய தள்ளி வைப்பாங்கன்னு பேசிக்கிறாங்க, சில வருஷம் தள்ளி வச்சதும் உண்டு, அத நம்பி இருக்காதீங்க. இந்த தீபாவளிக்கு ரோட்டோரமா குவிச்சு வச்ச குறுவை நெல்லு மொளச்சு நின்னத எல்லாருந்தானே பாத்தோம்.

நேத்து நானும் மாமாவும் வேற கடைக்கு போனோம். மாமா இந்த தடவ ஸ்டூல் போட்டு கம்ப்யூட்டர் பக்கத்துலயே ஒக்காந்துட்டாங்க. ஊர் பேரு வந்ததும், தம்பி அந்த டிவிய இப்படி திருப்புன்னு சொல்லி, என்னைய படிக்க சொல்லி, நான் கீழன்னு படிச்சதும் திருப்பி ஒருக்கா படிம்மான்னாங்க. அந்தப் பையன் சிரிச்சுகிட்டே, என்ன தாத்தா எம்மேல நம்பிக்க இல்லயான்னான். இல்லப்பான்னாங்க மாமா. ரசீது இன்னும் கைக்கு வரல, அடங்கல்ல உட்பிரிவு ஒரு எழுத்து மாறி இருக்கு, வி.ஏ.ஓ வியாழக்கிழம வர சொல்லிருக்காரு.