எல்லா வயதினருக்கும் மனநல சிகிச்சை என்று போர்டு, நம்பிக் கொடுத்தது 85,000 ரூபாய்

போன ஞாயிற்றுக்கிழமைதான் என் அக்கா மகனை அந்த இடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தோம். இன்றோடு ஒரு வாரம். கொடுத்த 85,000 ரூபாயில் ஒரு பைசா திரும்பவில்லை. மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. ஊருக்கு வெளியே பைபாஸ் ஓரம் இருக்கும் ஒரு தனியார் மனநல மையம், அவ்வளவு போதும். வாசல் போர்டில் குழந்தைகள் முதல் முதியோர் வரை எல்லா வயதினரையும் உள்நோயாளியாகச் சேர்ப்போம் என்று பெரிய எழுத்தில் இருக்கும்.

பையனுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். ஒரு மாதமாகத் தூக்கம் இல்லை, ராத்திரி மொட்டை மாடியில் நடந்துகொண்டே தனியாகப் பேசுவான், பக்கத்து வீட்டில் எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று ஒரு நாள் அவர்கள் கதவில் கல்லை எறிந்துவிட்டான். மந்திரிக்கச் சொன்னார்கள், கோயிலில் கொண்டுபோய்த் தங்க வைக்கச் சொன்னார்கள். அக்கா எதற்கும் சம்மதிக்கவில்லை, டாக்டரிடம்தான் போக வேண்டும் என்று உறுதியாக நின்றாள். அவள் எடுத்த முடிவில் தப்பே இல்லை. இடத்தைத் தேடிப் பிடித்தது நான்.

அன்றைக்கு விசாரிக்க மட்டும்தான் போனோம். மேனேஜர் என்று ஒருவர், கழுத்தில் ஐடி கார்டு. அக்காவை ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "அம்மா, இதுவும் சுகர், பிரஷர் மாதிரி ஒரு வியாதிதான். உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. இனி அவன் எங்க வீட்டுப் பிள்ளை" என்றார். அந்த ஒரு மாதமும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் நீ என்ன செய்தாய், எப்படி வளர்த்தாய் என்றுதான் அவளைக் கேட்டிருந்தார்கள். உன் மேல் தப்பில்லை என்று முதலில் சொன்னவர் இந்த ஆள்தான். அக்கா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். நானும் அந்த இடத்தில் விழுந்துவிட்டேன். ஒரு பெட்தான் காலியாக இருக்கிறது, இன்றே சேர்த்தால் நல்லது என்றதும், அக்கா செயினைக் கழற்றிக் கொடுத்தாள். நான் பைக்கில் போய் அடகு வைத்து 85,000 ரூபாயைக் கொண்டுவந்து கட்டினேன். கொடுத்தது ஒரு மஞ்சள் துண்டுச் சீட்டு. அட்வான்ஸ் 85,000 என்று எழுதி ஒரு சுழி, மையத்தின் பெயரும் இல்லை, சீலும் இல்லை. டாக்டர் எங்கே என்று கேட்டேன். சாயங்காலம் வந்து பார்ப்பார் என்றார்கள். 15 நாளைக்கு யாரும் வந்து பார்க்கக் கூடாது, வீட்டு ஆளைப் பார்த்தால் பையன் செட் ஆக மாட்டான் என்றார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தோம்.

தினமும் போன் செய்தோம். தூங்குகிறான், சாப்பிடுகிறான், நல்லா இருக்கான். போனை அவனிடம் கொடுங்கள் என்றால் சிக்னல் இல்லை என்பார்கள். பத்தாம் நாள் அவர்களாகவே கூப்பிட்டு, ஷாக் ட்ரீட்மென்ட் வைக்க வேண்டும், அதற்குத் தனியாக 20,000 அனுப்புங்கள் என்றார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றோம்.

நீளமான ஒரே ஹால். குடியை நிறுத்த வந்தவர்கள், நனைந்த வேட்டியோடு படுத்திருந்த ஒரு பெரியவர், இப்படி இருபது பேருக்கு மேல் இருக்கும், எல்லோரும் வயது வந்த ஆண்கள். அவர்களுக்கு நடுவில் சுவர் ஓரமாக முழங்கால்களைக் கட்டிக்கொண்டு எங்கள் பிள்ளை. "மாமா, டாக்டர் யாருமே வரல" என்றான், அதற்கு மேல் பேசவில்லை. வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால், அக்கா வாங்கிக் கொடுத்த டூத் பிரஷ் கவர் பிரிக்காமல் அப்படியே கிடக்கிறது. 11 நாள். அப்புறம் ராத்திரிதான் சொன்னான், பக்கத்துக் கட்டில் அண்ணனைத் தூங்கும்போது துணியால் காலைக் கட்டிப் போடுவார்களாம். ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் கட்டிப் போடுகிறார்கள்.

திங்கட்கிழமை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அங்கே டாக்டர் அவனோடு உட்கார்ந்து பொறுமையாகப் பேசினார், மாத்திரை கொடுத்தார், கட்டணம் எதுவும் இல்லை. இப்போது ராத்திரி ஐந்து மணி நேரம் தூங்குகிறான். முதலிலேயே அங்கே போயிருக்கலாம். அவர் சொல்லித்தான் எனக்கு விஷயமே தெரியும்: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைப் பெரியவர்களோடு சேர்த்து வைக்கவே கூடாது, உள்ளே இருக்கும் நாள் முழுக்க வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். எங்களை 15 நாள் வராதே என்றார்களே! ஷாக் ட்ரீட்மென்ட்டும் அந்த வயதில், அதே சட்டத்தின் கீழ் அமைக்கும் மனநல மறுஆய்வு வாரியத்தின் முன் அனுமதி இல்லாமல் கொடுக்கக் கூடாதாம். யாருக்கானாலும் மயக்க மருந்து இல்லாமல் கொடுப்பதற்குத் தடை. சங்கிலி போட்டுக் கட்டுவதற்கும் தடை.

செவ்வாய்க்கிழமை பணம் கேட்டேன். அக்கவுண்ட்ஸில் கேளுங்கள் என்றார்கள். அக்கவுண்ட்ஸில் மேனேஜரைக் கேளுங்கள் என்றார்கள். மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார். வியாழக்கிழமை நேரில் போனேன், ஒன்றரை மணி நேரம் வெளியே நிற்கவைத்துவிட்டு, அதே மேனேஜர் வந்து, "நீங்களா கூட்டிட்டுப் போனா நாங்க என்ன சார் பண்றது, அட்வான்ஸ் திரும்ப வராது" என்றார். எங்கள் வீட்டுப் பிள்ளை என்று சொன்ன அதே வாய். என்னென்ன மருந்து கொடுத்தீர்கள், அந்தச் சீட்டையாவது கொடுங்கள் என்று கேட்டேன், டாக்டருக்கு அது தெரிய வேண்டும். அதுவும் இல்லை. நேற்றிலிருந்து என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். 85,000 ரூபாய், மாதா மாதம் வட்டி வேறு.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்றிதழைக் கேளுங்கள். டாக்டர் பார்க்காமல் யாரையும் விட்டுவிட்டு வராதீர்கள். வராதே என்றால் அங்கே சேர்க்காதீர்கள். சீல் இல்லாத சீட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416க்கு அடியுங்கள், அரசின் மனநல உதவி எண், பெயர் டெலி மானஸ், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள்.

நாளைக்குக் கலெக்டர் ஆபீஸில் மனு நாள். அந்த மஞ்சள் சீட்டை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன், அக்காவும் வருகிறேன் என்கிறாள். இதே மாதிரி இடத்தில் பிள்ளையையோ பெரியவரையோ விட்டுவிட்டு வந்தவர்கள் யாராவது இருந்தால், நாளை வரைக்கும் காத்திருக்காமல் இப்போதே போய்ப் பாருங்கள்.