ஆணையா, உடன்பாடா, பொதுத் தளமா: விநியோகச் சங்கிலியில் தொழில்நுட்பம் வேரூன்றும் வழிகள்

விநியோகச் சங்கிலிக்கான மென்பொருளை ஒரு நிறுவனம் தனியாக வாங்கிவிடலாம். ஆனால் எதிர்முனையில் சரக்கு அனுப்புபவரும் பெறுபவரும் அதே முறைக்கு வராதவரை அதனால் பெரிய பயன் இல்லை. அவர்களை வரவழைக்க நடைமுறையில் மூன்று வழிகள் கையாளப்பட்டுள்ளன.

முதலாவது ஆணை. வால்மார்ட் 2003ஆம் ஆண்டில், தன் முன்னணி சப்ளையர்கள் 100 பேரும் 2005 ஜனவரிக்குள் பெட்டிகளிலும் பேலட்டுகளிலும் (பெட்டிகளை அடுக்கும் தட்டுகள்) ஆர்எஃப்ஐடி டேக், அதாவது ரேடியோ அலை வழியாகப் படிக்கக்கூடிய அடையாளச் சில்லு, ஒட்ட வேண்டும் என்று அறிவித்தது. டேக்கின் செலவு சப்ளையரைச் சேர்ந்தது. சரக்கு எங்கே நிற்கிறது என்று அறியும் ஆதாயமோ பெரும்பாலும் வால்மார்ட்டுக்குப் போனது. எனவே பல சப்ளையர்கள் தங்கள் ஆலையிலும் கிடங்கிலும் பழைய முறையிலேயே வேலை செய்துவிட்டு, லாரியில் ஏற்றும் நேரத்தில் மட்டும் டேக்கை ஒட்டி அனுப்பினார்கள். ஆணை நிறைவேறியது, ஆனால் அந்தத் தரவு அவர்களுடைய உற்பத்தித் திட்டத்தையோ இருப்புக் கணக்கையோ தொடவே இல்லை. டேக் இல்லாத ஒவ்வொரு பேலட்டுக்கும் 2 டாலர் கட்டணம் என்று 2008இல் அறிவித்த, வால்மார்ட்டின் கிளை நிறுவனமான சாம்ஸ் கிளப், மறு ஆண்டே அதை 12 சென்ட்டாகக் குறைத்தது. இதற்காகத் தொழில்நுட்பத்தின் மீது பழி போடுவது சரியாகாது. 2014இல் ஆர்எஃப்ஐடியைப் பரவலாக்கத் தொடங்கிய ஸ்பெயின் ஆடை நிறுவனமான இண்டிடெக்ஸ், தன் ஸாரா கடைகளின் திருட்டுத் தடுப்பு வில்லைகளுக்குள்ளேயே சில்லைப் பொருத்தி, அவற்றை மீண்டும் மீண்டும் பயன்படுத்தியது. அங்கே செலவழித்தவரும் பலனடைந்தவரும் ஒருவரே.

இரண்டாவது, உடன்பாடு. அதே வால்மார்ட் 1980களின் இறுதியில், வீட்டு உபயோகப் பொருள்கள் தயாரிக்கும் பிராக்டர் அண்ட் கேம்பிளிடம் வேறு விதமாக நடந்துகொண்டது. விற்பனை விவரத்தையும் இருப்பு விவரத்தையும் கணினி வழியாகப் பகிர்ந்து, பாம்பர்ஸ் டயாபர் போன்ற பொருள்களை எப்போது, எவ்வளவு அனுப்புவது என்று தீர்மானிக்கும் பொறுப்பை உற்பத்தியாளரிடமே விட்டது. தேவையை முன்கூட்டியே காண முடிந்ததால், அந்தத் தரவைக் கொண்டு தன் உற்பத்தியைத் திட்டமிட பிராக்டருக்கும் காரணம் இருந்தது. இரண்டில் எனக்கு உடன்பாடே உயர்ந்ததாகத் தோன்றுகிறது. ஆனால் அங்கே பேச்சு நடத்திய இருவருமே பெரிய நிறுவனங்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. அத்தனை நேரத்தையும் ஆட்களையும் ஒதுக்கி, ஒவ்வொரு சிறு சப்ளையருடனும் உட்கார்ந்து பேச எந்தப் பெருநிறுவனமும் முன்வராது.

மூன்றாவது, பொதுத் தளம். கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கும் கணினி நிறுவனமான ஐபிஎம்மும் 2018இல் தொடங்கிய டிரேட்லென்ஸ், கப்பல் சரக்கு ஆவணங்களைப் பிளாக்செயினில், அதாவது பங்கேற்பவர்களிடையே பகிரப்படும், யாரும் தனியாக மாற்ற முடியாத மறைகுறியாக்கப் பதிவேட்டில், பகிர முயன்றது. போட்டியாளரான மெர்ஸ்க்கின் தளத்தில் தங்கள் தரவை வைக்க மற்றக் கப்பல் நிறுவனங்கள் தயங்கின. எம்எஸ்சி, சிஎம்ஏ சிஜிஎம் போன்றவை பின்னர் இணைந்தபோதும், துறை முழுவதன் ஒத்துழைப்பு கிட்டவில்லை என்று சொல்லி, 2022 நவம்பரில் அதை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். தளத்தின் உரிமையாளர் யார் என்ற கேள்விக்கு எந்தக் குறியாக்கமும் விடை தராது.

2019இல் மெர்ஸ்க் உள்ளிட்ட கப்பல் நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த டிசிஎஸ்ஏ என்ற சங்கம், தளத்தை விட்டுவிட்டுப் பொதுத் தர வரையறைகளை மட்டும் வகுக்கிறது. 2030க்குள் கப்பல் சரக்கு ரசீது (பில் ஆஃப் லேடிங்) முழுவதையும் மின்னணு வடிவுக்கு மாற்ற அதன் உறுப்பினர்கள் உறுதியளித்துள்ளனர். பல பெரிய வாடிக்கையாளர்களுக்குச் சரக்கு அனுப்பி, ஒவ்வொருவருக்கும் ஒரு மென்பொருள் என்று திணறும் சிறு சப்ளையருக்கு, இப்போதைக்கு இந்த வழியே குறைந்த சுமையுள்ளது.