பரங்கிப் பாத்திக்கு வைக்கோல் வாங்குகிறீர்களா? கட்டைப் பிரித்துப் பார்த்தபிறகு பணம் கொடுங்கள்

சிங்கப்பூரில் சமூகத் தோட்டத்திலோ வாடகைப் பாத்தியிலோ காய்கறி போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "சுத்தமான வைக்கோல், மூடாக்குக்கு (மண்மேல் பரப்பி மூட) ஏற்றது" என்று இணையத்தில் விளம்பரம் போட்டு, காய்ந்த மாட்டுப் புல்லைத் தலையில் கட்டுகிற ஒருவரிடம் எங்கள் தோட்டக் குழுவின் பணம் நூற்றைம்பது வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் போனது. பணம் போனதுகூடப் பரவாயில்லை, பாத்தி பாழானதுதான் வயிற்றெரிச்சல்.

எங்களுடையது ஈசூனில் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் சின்னத் தோட்டம். தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய 'கம்யூனிட்டி இன் புளூம்' திட்டத்தில் வந்த பல தோட்டங்களில் ஒன்று. பொங்கலுக்கு நம் கையால் விளைந்த பரங்கிக்காய் வேண்டுமென்றால் செப்டம்பர் கடைசியில் விதை போட வேண்டும். காய் முற்ற மூன்று, நான்கு மாதம் பிடிக்கும். அப்படிப் பார்த்தால் பிஞ்சு இறங்குகிற நேரம் சரியாக வடகிழக்குப் பருவமழை. ஈர மண்ணில் கிடக்கிற காய்க்கு அடிப்பக்கம் அழுகிவிடும். மழை மண்ணை வாரி இலையில் அடித்தால் நோயும் சேர்ந்து ஏறும். ஊரில் கூரைமேல் ஏற்றிவிட்ட கொடிக்கு இந்தக் கவலை கிடையாது. இங்கே கூரைக்கு எங்கே போவது? அதனால்தான் காய்க்கு அடியில் மண்ணை மூட வைக்கோல்.

விற்றவர் நம் ஆள்தான், தமிழில்தான் பேசினார். முதலில் மாதிரிக்கு ஒரு சிறிய பை வாங்கினோம். அசல் நெல் வைக்கோல். மஞ்சளாக, மொடமொடவென்று, கதிரில் ஒரு மணி இல்லாமல் இருந்தது. "இதே சரக்குதான் வேண்டும், நெல் அடித்த வைக்கோல்" என்று குறுஞ்செய்தியில் எழுதிக் கேட்டேன். "அதேதான் அக்கா" என்று பதிலும் வந்தது. முழுப் பணத்தையும் பேநவ் (கைப்பேசி வழிப் பணம் அனுப்பும் சேவை) மூலம் அனுப்பிய பிறகுதான் பெரிய கட்டுகள் வந்தன. இறுக்கி அழுத்தி, கறுப்பு பிளாஸ்டிக் சுற்றி, உள்ளே இருப்பது தெரியாதபடி. வேலை நாளில், நான் அலுவலகத்தில் இருந்தபோது கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். தோட்டத்தில் இருந்த மலாய் ஆண்ட்டியும் சீன அங்கிளும் எனக்கு உதவி செய்வதாக நினைத்து அன்றைக்கே பிரித்து, கொடிகளுக்கு நடுவில் கெட்டியாகப் பரப்பிவிட்டார்கள். அவர்கள் நெல் வயலையே பார்த்ததில்லை, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

மாலையில் போய்ப் பார்த்தால் பாத்தியெங்கும் பச்சை வெளிறிய நிறம். தேயிலை மாதிரி ஒரு வாசனை வேறு. கையில் எடுத்தால் இலையும் பூங்கதிருமாக உதிர்ந்தது. அது மாட்டுக்கும் முயலுக்கும் போடுகிற உலர்ந்த புல். அன்று இரவே மழை.

வைக்கோல் என்பது மணியை அடித்து எடுத்த பிறகு மிஞ்சும் வெறும் தாள். சத்து குறைவு, அதனால் மெதுவாக மக்கும்; தண்டுகளுக்கிடையே காற்றும் தண்ணீரும் போகும். தீவனப் புல்லோ இலையும் சத்துமாகப் பச்சையில் அறுத்துக் காயவைப்பது. சரியான பருவத்தில் அறுக்காவிட்டால் விதையும் சேர்ந்தே வரும். நல்ல வெயில் ஊரில் மெல்லிசாகப் போட்டால் அதுவும் உரமாகும் என்பதை மறுக்கவில்லை. இங்கே மழைக்காலத்தில் கெட்டியாகப் போட்டால் கதை வேறு. ஒரு வாரத்துக்குள் எல்லாம் ஒட்டிக்கொண்டு நனைந்த கம்பளியாகிவிட்டது. தூக்கிப் பார்த்தால் அடியில் வெள்ளைப் பூஞ்சணம், கைவைத்தால் சூடு. பகலில் அதற்குள் ஒளிந்துகொண்ட ஆப்பிரிக்கப் பெருநத்தைகள் இரவில் வெளியே வந்து பிஞ்சுகளைச் சுரண்டின. அதன்மேல் கிடந்த பிஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கொழகொழத்து விழுந்தன. அப்புறம் விதை முளைக்க ஆரம்பித்தது. ஊசி ஊசியாகப் பாத்தி முழுக்கப் புல்.

எடுத்துவிடலாம் என்றால் அதுவும் லேசில் முடியவில்லை. பரங்கிக்கொடி கணுவுக்குக் கணு வேர் விடும், பற்றுக்கம்பி எதைக் கண்டாலும் சுற்றிக்கொள்ளும். புல்லை இழுத்தால் கொடியும் கூடவே வந்தது. கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டி எடுத்தும் இரண்டு நல்ல கொடிகள் போய்விட்டன. கட்டுகளைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கை ஓரமாகப் போட்டிருந்தார்கள், அதில் மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. டெங்கி சோதனைக்கு யாராவது வருவதற்குமுன் அங்கிள் கண்ணில் பட்டது, பிழைத்தோம்.

விற்றவரைக் கூப்பிட்டேன். "அக்கா, ரெண்டும் ஒண்ணுதான்கா. பச்சையா இருந்தா சத்து இன்னும் ஜாஸ்தி. விலைகூட நான் ஏத்தலையே" என்றார். மாதிரிப் பையின் படத்தையும் கட்டின் படத்தையும் அனுப்பினேன். "கிடங்கில் மாறியிருக்கும், திருப்பி எடுக்க வண்டிக் கூலி நீங்க தரணும்" என்றார். நனைந்து நாறுவதை யார் திருப்பி எடுப்பார்கள் என்று அவருக்கும் தெரியும். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போவேன் என்று எழுதிய பிறகு பாதிப் பணம் வந்தது. அதோடு என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

அந்த மன்றத்தைப் பற்றித் தெரிந்துவைத்திருங்கள். 20,000 வெள்ளிவரை கோரலாம், இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். வழக்கறிஞர் கிடையாது, நாமே பேச வேண்டியதுதான். பயனீட்டாளரின் சிறிய தொகைக்கு மனுக் கட்டணம் 10 வெள்ளி. ஆனால் எதிராளி யார், எங்கே இருக்கிறார் என்று தெரிய வேண்டும். என்னிடம் இருந்தது ஒரு தொலைபேசி எண்ணும் பேநவ்வில் தெரிந்த பாதிப் பெயரும்தான். பணம் அனுப்புவதற்கு முன்பே பெயர், முகவரியோடு ரசீது கேளுங்கள். தர மறுத்தால் அந்த ஆளே வேண்டாம்.

சரக்கு வந்தால் மேலே தெரிவதை நம்பாமல் கட்டின் நடுவிலிருந்து ஒரு பிடி உருவுங்கள். ஒரு தட்டில் போட்டு நனைத்து ஒரு வாரம் வையுங்கள். நல்ல வைக்கோலிலும் ஒன்றிரண்டு நெல் முளைக்கும், பிடுங்கிப் போடலாம். தட்டு நிறையப் புல் வந்தால் பாத்திக்குக் கொண்டுபோகாதீர்கள். இன்னொன்று: மேய்ச்சல் நிலத்தில் அடிக்கும் அமினோபைரலிட், குளோபைரலிட் போன்ற களைக்கொல்லிகள் புல்லைக் கொல்லாமல் அகன்ற இலைச் செடிகளை மட்டும் தாக்கும். காய்ந்த புல்லிலும் அதைத் தின்ற மாட்டின் சாணத்திலும் மாதக்கணக்கில் தங்கும். எங்கே விளைந்தது என்று சொல்லத் தெரியாதவர் சரக்கென்றால், கொஞ்சத்தை நறுக்கி மண்ணில் கலந்து பீன்ஸ் விதை போட்டு இரண்டு மூன்று வாரம் பாருங்கள். புது இலை கிண்ணம்போல் குவிந்து முறுக்கிக்கொண்டால் மருந்து இருக்கிறது.

இப்போதைக்கு எங்கள் பாத்தியில் புளோக்கைச் சுற்றிக் கொட்டும் காய்ந்த இலைகளை நொறுக்கித் தண்டை ஒட்டாமல் போட்டிருக்கிறோம். காய்க்கு அடியில் மட்டும் ஒரு ஓட்டுத் துண்டு. செலவில்லை.

அந்த விளம்பரம் போன வாரம் வேறு கணக்குப் பெயரில், அதே மஞ்சள் வைக்கோல் படத்தோடு திரும்ப வந்திருக்கிறது. ஈசூன், செம்பவாங் பக்கம் இலவச விநியோகம் என்று போட்டிருக்கும். ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் குறுஞ்செய்திகளையும் கட்டின் படங்களையும் அழிக்காமல் வைத்திருந்து எனக்கு எழுதுங்கள். உங்களில் யாரிடமாவது அவருடைய முகவரி இருந்தால் மீதிப் பாதிக்கும் மனுப் போட்டுவிடுவேன்.