ஆர் 60 என்று எழுதித் தந்தார்கள், ஆர் 32 தான் போட்டார்கள்: அட்டிக் இன்சுலேசன் குறித்து ஓர் எச்சரிக்கை

ஸ்காபரோவில் 1970களில் கட்டப்பட்ட எங்கள் வீட்டின் அட்டிக்கில், அதாவது கூரைக்குக் கீழுள்ள வெற்றிடத்தில், வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் இன்சுலேசனாக நான்கு அங்குலப் பழைய ஃபைபர்கிளாஸ் பஞ்சு, அதாவது ஏறத்தாழ ஆர் 12, மட்டுமே இருந்தது. ஆர் என்பது வெப்பத்தைத் தடுக்கும் திறனின் அளவு; எண் கூடினால் தடுப்பும் கூடும். சென்ற ஒக்ரோபரில் வாசலுக்கு வந்த ஒரு விற்பனையாளர், "அண்ணை, கனடா முழுக்க ஆர் 60 தான் கணக்கு, நீங்கள் யோசிக்கவே தேவையில்லை" என்று சொல்லி அன்றே கையெழுத்து வாங்கினார். வீட்டை எதனால் சூடாக்குகிறோம் என்று அவர் கேட்கவேயில்லை. நம்மவர் என்ற நம்பிக்கையில் நானும் எதையும் விசாரிக்கவில்லை. அவருடைய ஆட்களும் வந்து பஞ்சைப் போட்டுவிட்டுப் போனார்கள்.

ஜனவரியில் மகளின் அறைக் கூரை மூலையில் தேநீர் நிறத்தில் ஈரக் கறை படர்ந்தது. வெளியே கூரை விளிம்பில் கை மொத்தத்துக்குப் பனிக்கட்டி தொங்கியது. சுயாதீனமான ஒரு எரிசக்தி ஆலோசகரை அழைத்தேன். அவருடன் நானும் ஏணியில் ஏறி, டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது, கூரைப் பலகையில் துருத்திக்கொண்டிருந்த ஆணி முனைகள் ஒவ்வொன்றிலும் உறைபனி பூத்திருந்தது. அவர் இரும்பு அளவுகோலைப் பஞ்சுக்குள் இறக்கினார். பழையதும் புதியதும் சேர்த்துப் பன்னிரண்டு அங்குலம்தான் இருந்தது.

ஊதிப் போடும் ஃபைபர்கிளாஸ் அங்குலத்துக்குச் சுமார் ஆர் 2.5 தான் தரும் என்பதால், புதிதாகப் போட்ட எட்டு அங்குலம் வெறும் ஆர் 20. பழையதையும் கூட்டினால் ஆர் 32. பழைய காகிதத்திலிருந்து செய்யும் செல்லுலோஸ் என்றால் அங்குலத்துக்குச் சுமார் ஆர் 3.5 கிடைக்கும். எந்தப் பொருள், படிந்த பின் எத்தனை அங்குலம், எத்தனை பொதிகள் என்ற மூன்றும் என் ஒப்பந்தத்தில் இல்லை. ஆர் எண்ணுக்கு இத்தனை பரப்புக்கு இத்தனை பொதி என்ற அட்டவணை ஒவ்வொரு பொதியின் மீதும் அச்சிடப்பட்டிருக்கும். வேலை முடிந்ததும் வெறும் பொதிகளை எண்ணிப் பாருங்கள்.

தடிப்புக் குறைவைவிடப் பெரிய கேடு வேறு இரண்டு. சொஃபிட் எனப்படும் கூரை விளிம்பின் அடிப்பக்கத்திலுள்ள காற்றுத் துளைகளைப் பஞ்சால் அடைத்துவிட்டிருந்தார்கள். அட்டிக் மூடியையும் மின்விளக்குகளையும் சுற்றியிருந்த இடைவெளிகளை அடைக்கவேயில்லை. அந்த இடைவெளிகள் வழியே ஏறிய ஈரக்காற்றுதான், வெளியேற வழியின்றி ஆணிகளில் உறைந்தது. அதன் சூடு கூரைப் பனியை உருக்க, அந்த நீர் குளிர்ந்த விளிம்பில் மீண்டும் உறைந்து தேங்கி உள்ளே கசிந்தது.

"கனடா முழுக்க ஒரே கணக்கு" என்பதும் பொய். வன்கூவரின் மிதமான குளிரும் வினிபெக்கின் கடும் குளிரும் ஒன்றல்ல. ஆர் 12 இலிருந்து ஆர் 40 க்குப் போனால் அட்டிக் வழியான வெப்ப இழப்பில் எழுபது வீதம் குறையும். அங்கிருந்து ஆர் 60 க்குப் போனால் முதலில் இருந்ததில் மேலும் பத்து வீதமே குறையும். ஒன்ராறியோவில் சுவரடியில் பொருத்தும் மின்சார பேஸ்போர்ட் ஹீற்றர் வைத்திருப்பவருக்கு அந்தப் பத்து வீதம், இயற்கை வாயுவில் எரியும் ஃபேர்னஸ் உள்ளவரைவிடக் கூடுதல் காசை மிச்சப்படுத்தும். வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே இழுத்து வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் போட நினைப்பவர்கள், இன்சுலேசனை முடித்து, அளந்து பார்த்த பிறகே எவ்வளவு பெரிய பம்ப் தேவை என்று கணக்கிடுங்கள். காகிதத்தில் இருந்த ஆர் 60 ஐ நம்பி நான் வாங்கியிருந்தால் வீட்டுக்குப் போதாத சிறிய இயந்திரம் வந்திருக்கும்.

ஒன்ராறியோவில் வீட்டு வாசலில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பத்து நாட்களுக்குள் காரணமின்றி ரத்துச் செய்யலாம். அந்த நாட்களை நான் தவறவிட்டேன். ஆனாலும் பொய் சொல்லி விற்றிருந்தால் ஓராண்டுக்குள் எழுத்தில் அறிவித்து விலகச் சட்டம் இடமளிக்கிறது. அளவுகோல் படங்களுடன் அந்தக் கடிதத்தைச் சென்ற வாரம் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.