குரோஷே பேட்டர்ன்: எழுத்தா, படமா?

குரோஷே என்றால் கொக்கி ஊசியால் நூலைப் பின்னுவது; எப்படிப் பின்ன வேண்டும் என்ற குறிப்புதான் பேட்டர்ன். அது எழுத்திலும் வரும், படத்திலும் வரும். எழுத்துப் பேட்டர்னில் பெரிய தலைவலி, ஒரே சுருக்கத்துக்கு நாட்டுக்கு நாடு வேறு தையல். 'டிசி' (டபுள் குரோஷே) என்றால் அமெரிக்காவில் ஊசியில் ஒருமுறை நூல் சுற்றிப் போடும் உயரமான தையல். பிரிட்டனில் நூல் சுற்றாத குட்டைத் தையல். அமெரிக்க சால்வையை பிரிட்டிஷ் கணக்கில் போட்டால் பாதி உயரம்கூட வராது. அடையாளம் ஒன்று உண்டு: 'எஸ்சி' (சிங்கிள் குரோஷே) கண்ணில் பட்டால் அது அமெரிக்க முறை. பிரிட்டனில் அந்தச் சுருக்கமே கிடையாது. ஜெர்மன் பேட்டர்ன் என்றால் 'எஃப்எம்' (குட்டைத் தையல்), 'எஸ்டிபி' (உயரமான தையல்) என்று தனிப் பட்டியல்.

ஜப்பானியப் புத்தகங்களில் வரும் குறிப்படத்தில் இந்தத் தொல்லை இல்லை. நீள்வட்டம் சங்கிலி, பெருக்கல் குறி குட்டைத் தையல். 'டி' வடிவத்தின் தண்டில் குறுக்காக ஒரு கோடு இருந்தால் நூலை ஒருமுறை சுற்ற வேண்டும், இரண்டு கோடு என்றால் இருமுறை. வட்டப் பின்னலை நடுவிலிருந்து, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் படிக்க வேண்டும். அவ்வளவுதான், மொழியே தெரியாமல் ஒரு டாய்லி (சின்ன லேஸ் விரிப்பு) முடித்துவிடலாம்.

அமிகுருமி என்ற குட்டிப் பின்னல் பொம்மைக்கு மட்டும் எழுத்தே மேல். படம் முழுக்கப் பெருக்கல் குறியாக நிற்கும், எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்று கண் குழம்பிவிடும். லேஸ், அன்னாசி வடிவம் என்றால் என் ஓட்டு படத்துக்குத்தான்.