ஓபன்பிஎஸ்டியின் ஹோஸ்ட்நேம் கோப்புகள்: எட்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

எங்கள் சிறு அலுவலகத்தின் இணைய வாசலில் 2017 முதல் ஓபன்பிஎஸ்டி என்னும் யுனிக்ஸ் வகை இயங்குதளம்தான் காவல் நிற்கிறது. முதலில் அதை நிறுவியது பிசி எஞ்சின்ஸ் என்னும் சுவிஸ் நிறுவனத்தின் ஏபியு2 பலகையில்: மூன்று இன்டெல் ஈதர்நெட் போர்ட்டுகள், ஒரு சீரியல் போர்ட், திரையை இணைக்க இடமே இல்லை. 6.1 வெளியீட்டில் தொடங்கி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் வெளியீடுகளை ஒன்றுவிடாமல் ஏற்றி வந்திருக்கிறேன். இயந்திரம் எழும்போது பிணைய இடைமுகங்களுக்கு முகவரியும் வழியும் கொடுப்பதற்கு அது கையாளும் முறையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். கோப்புகள் எளியவை என்று முதல் வாரத்தில் எனக்குத் தோன்றியது இன்றும் சரியாகவே படுகிறது. ஆனால் அவை எந்த வரிசையில் ஓடுகின்றன என்பது அத்தனை எளிதாக விளங்குவதில்லை என்பதையும், அந்த வரிசையைக் கோப்புகள் எங்கும் சொல்வதில்லை என்பதையும் நடுவில் ஒரு நாள் கற்றுக்கொண்டேன்.

ஒவ்வோர் இடைமுகத்துக்கும், அமைப்புக் கோப்புகள் இருக்கும் இடிசி அடைவில் ஒரு கோப்பு இருக்கும். இன்டெல் போர்ட்டுகளை இயக்கும் டிரைவரின் பெயர் இஎம் என்பதால் அவை இஎம்0, இஎம்1, இஎம்2 எனப் பெயர் பெறுகின்றன; இரண்டாவது போர்ட்டுக்கான கோப்பு ஹோஸ்ட்நேம்.இஎம்1. எங்கள் உள்வலைக்கான அந்தக் கோப்பில் இருப்பது ‘ஐநெட் 192.168.10.1 255.255.255.0’ என்ற ஒரே வரி. புதிதாக வருபவரைக் குழப்புவது பெயர்தான்: ஹோஸ்ட்நேம் என்று அழைக்கப்பட்டாலும் அதற்குள் இயந்திரத்தின் பெயர் இராது. அது மைநேம் என்ற கோப்பில் இருக்கிறது. வேறு வழி தெரியாத பொதிகள் போகும் இயல்பு வழியின் முகவரி மைகேட் என்ற கோப்பில் இருக்கிறது. கோப்பு இல்லாத போர்ட்டைக் கணினி தொடுவதில்லை. தானாக ஊகித்து எதையும் இணைத்துவைப்பதும் இல்லை.

கோப்பில் உள்ள வரிகளில் பெரும்பாலானவை, இடைமுகங்களை அமைக்கும் ஐஎஃப்கான்ஃபிக் கட்டளைக்கு அப்படியே போய்ச் சேர்கின்றன. 1983இல் 4.2பிஎஸ்டியோடு வந்த கட்டளை அது. லினக்ஸில் அதன் இடத்தை ஐபி கட்டளை எடுத்துக்கொண்டது. அங்கே வைஃபைக்கு வேறு கருவி, மறையாக்கிய சுரங்கம் அமைக்கும் வயர்கார்டுக்கு வேறு கருவி. ஓபன்பிஎஸ்டியிலோ வைஃபை, விலான் (ஒரே கம்பியில் பல தனி வலைகள்), வயர்கார்ட் எல்லாவற்றுக்கும் ஐஎஃப்கான்ஃபிக் ஒன்றே. ஆகவே முனையத்தில் கையால் தட்டிப் பார்த்து, சரியாக வந்த சொற்களை அப்படியே கோப்பில் எழுதிவிடலாம். அதில் அடங்காத வேலை இருந்தால், ஆச்சரியக்குறியில் தொடங்கும் வரி ஒன்றை எழுதினால் அது ஷெல் கட்டளையாக ஓடும். முன்பு டெபியன் லினக்ஸில் இன்டர்ஃபேசஸ் கோப்பின் சொற்களைத் தனியே படித்திருந்தேன். 2017 அக்டோபரில் உபுண்டு 17.10 நெட்பிளான் என்னும் புதிய பிணைய அமைப்பு முறையைக் கொண்டுவந்தபோது, ஒரு இடைவெளி தவறினாலும் முறைத்துப் பார்க்கும் யாமல் இலக்கணத்தையும் படிக்க வேண்டியதாயிற்று. இங்கே இரண்டாவது மொழி என்று ஒன்று கிடையாது என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

இக்கோப்புகளைப் படித்து வேலை செய்வது நெட்ஸ்டார்ட் என்னும் ஷெல் ஸ்கிரிப்ட். ஒரு மாலைப் பொழுதில் முழுவதையும் படித்து முடித்துவிடலாம். முதலில் இயந்திரம் தன்னோடே பேசும் லோ0, பிறகு நிஜமான கார்டுகள், அதன் பின் அவற்றின் மேல் ஏறி உட்காரும் டிரங்க் (பல போர்ட்டுகளின் சேர்க்கை), விலான், கார்ப் (பல இயந்திரங்கள் பகிரும் முகவரி) ஆகியவை, அடுத்து மைகேட் கோப்பிலிருந்து இயல்பு வழி, கடைசியாக வழி கிடைத்த பிறகே பயன்படக்கூடிய பிபிபிஓஇ (பயனர்பெயர் கொடுத்து இணைய நிறுவனத்தோடு இணையும் முறை), சுரங்க வகைகளான ஜிஐஎஃப், ஜிஆர்இ, வயர்கார்ட் போன்றவை என்பது அதன் ஒழுங்கு. எங்கள் ஃபைபர் இணைப்பு பிபிபிஓஇ வழியே வருவதால், ஹோஸ்ட்நேம்.இஎம்0 கோப்பில் ‘அப்’ என்ற ஒரே சொல் மட்டும் உண்டு; பயனர்பெயர், கடவுச்சொல், இயல்பு வழியைச் சேர்க்கும் ஆச்சரியக்குறி வரி எல்லாம் ஹோஸ்ட்நேம்.பிபிபிஓஇ0 கோப்பில் இருக்கின்றன. பிபிபிஓஇ தலைப்பு ஒவ்வொரு பொதியிலும் 8 பைட்டுகளைத் தின்றுவிடுவதால் எம்டியு (ஒரு பொதியின் உச்ச அளவு) 1492 ஆகக் குறைகிறது; ஃபயர்வாலில் எம்எஸ்எஸ் (ஒரு டிசிபி பொதி சுமக்கும் தரவின் உச்சம்) அளவைக் கத்தரிக்க மறந்துவிட்டு, சில தளங்கள் திறந்தும் சில தளங்கள் பாதியில் நின்றும் போன முதல் வாரத்தை இன்னும் மறக்கவில்லை.

இனி, நான் கற்றுக்கொண்ட நாளுக்கு வருகிறேன். 2020 அக்டோபரில் வந்த 6.8 வெளியீட்டில் வயர்கார்ட், இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள்ளேயே சேர்ந்தது. வெளியே வாடகைக்கு எடுத்திருந்த ஒரு சர்வருக்குச் சுரங்கம் அமைக்க, சில மாதங்கள் கழித்து ஹோஸ்ட்நேம்.டபிள்யூஜி0 கோப்பை எழுதினேன். ஒரு வரியில் சாவி, அடுத்த வரியில் எதிர்முனையின் பொதுச்சாவியும் அதன் இருப்பிடமும், மூன்றாவது வரியில் முகவரி. எதிர்முனையின் இருப்பிடத்தை ஐபி எண்ணாக எழுதாமல் சர்வரின் பெயராகவே எழுதினேன். நாளைக்கு எண் மாறினாலும் கோப்பைத் தொட வேண்டாமே என்ற முன்யோசனை. நெட்ஸ்டார்டை டபிள்யூஜி0 என்ற பெயரோடு கையால் ஓட்டினேன். சுரங்கம் அந்த நொடியே வேலை செய்தது. அதன் பிறகு பல மாதங்களுக்கு அந்தப் பெட்டியை யாரும் நிறுத்தவில்லை.

பிறகு ஒரு பிற்பகலில் மின்சாரம் போனது. யுபிஎஸ் பேட்டரியும் கைவிட்டது. மின்சாரம் திரும்பியதும் அலுவலகத்தில் இணையம் வந்தது, சுரங்கம் மட்டும் வரவில்லை. உள்ளே நுழைந்து பார்த்தால் டபிள்யூஜி0 இருக்கிறது, அதற்கு முகவரியும் இருக்கிறது, எதிர்முனை பற்றிய வரிகள் மட்டும் மொத்தமாகக் காணவில்லை. நெட்ஸ்டார்டைக் கையால் ஓட்டினேன். உடனே எல்லாம் சரியாயிற்று. இது இரண்டாம் முறையும் நடந்தபோது, ஃபைபர் பெட்டி எழுவதற்குள் நம் ரவுட்டர் எழுந்துவிடுகிறது, பெயரைத் தேட இணைப்பு இன்னும் வரவில்லை என்று முடிவு கட்டி, எதிர்முனை வரிக்கு மேலே 30 வினாடி தூங்கச் சொல்லும் ஆச்சரியக்குறி வரி ஒன்றைச் சேர்த்தேன். அலுவலகம் மூடிய பின் மறுதொடக்கம் செய்தேன். பெட்டி எழுவது 30 வினாடி தாமதமானதுதான் மிச்சம், எதிர்முனை வரவில்லை.

அப்போதுதான் நெட்ஸ்டார்டோடு நிற்காமல், இயந்திரம் எழும்போது ஓடி அதை அழைக்கும் ஆர்சி ஸ்கிரிப்டையும் திறந்தேன். எங்கள் பெட்டியில் பெயர்களைத் தேடித் தருவது அதே பெட்டியில் ஓடும் அன்பவுண்ட்; பெயர்களை யாரிடம் கேட்பது என்று சொல்லும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில், அதே பெட்டியைக் குறிக்கும் 127.0.0.1 என்பதைத் தவிர வேறு முகவரி இல்லை. ஆர்சியில் நெட்ஸ்டார்ட் ஓடி முடிந்து, ஃபயர்வால் விதிகளும் ஏறிய பிறகே அன்பவுண்ட் தொடங்குகிறது. ஆக, டபிள்யூஜி0 தன் எதிர்முனையின் பெயரைக் கேட்ட நேரத்தில் பதில் சொல்ல வேண்டியவர் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. நான் 30 வினாடி அல்ல, 30 நிமிடம் தூங்க வைத்திருந்தாலும் விடை வந்திருக்காது. கையால் ஓட்டும்போது அன்பவுண்ட் எப்போதோ எழுந்துவிட்டதால் எல்லாம் சரியாகத் தெரிந்தது. கோப்பின் ஒவ்வொரு வரியும் தனித்தனி ஐஎஃப்கான்ஃபிக் அழைப்பு என்பதால் பெயர் இருந்த வரி மட்டும் தோற்று, முகவரி வரி வென்றது. அந்தப் பாதி வெற்றிதான் என்னைத் திசைதிருப்பியது. தூக்க வரியை அழித்து, பெயரின் இடத்தில் ஐபி எண்ணை எழுதினேன். அன்றிலிருந்து அது தவறியதில்லை.

அதே பெயரை ஓபன்பிஎஸ்டியின் ஃபயர்வாலான பிஎஃபின் விதிக் கோப்பிலும் எழுதியிருந்தால் பாடு பெரிதாகியிருக்கும். பிணையத்தை எழுப்புவதற்கு முன்பே ஆர்சி ஒரு தற்காலிக விதித்தொகுப்பை ஏற்றுகிறது: எல்லாவற்றையும் மூடு, எஸ்எஸ்ஹெச் (நிர்வாகி தொலைவிலிருந்து நுழையும் வழி) உள்ளே வரலாம், பெயர்த் தேடல் வெளியே போகலாம், இன்னும் சில சிறு விலக்குகள். நெட்ஸ்டார்ட் முடிந்த பிறகே நாம் எழுதிய விதிகள் ஏறுகின்றன. அவற்றில் ஒரு பெயருக்கு விடை கிடைக்காவிட்டாலும் முழுக் கோப்பும் ஏறாது. தற்காலிக விதிகளே நீடிக்கும். உள்வலைக்கு இணையம் இராது. கதவைத் திறந்துபோட்டுவிட்டுத் தூங்காமல், பூட்டிவிட்டுச் சாவியை நிர்வாகியின் கையில் மட்டும் கொடுக்கும் இந்த ஏற்பாட்டை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

இத்தனை நாள் தேடியும் பிழைச் செய்தி என் கண்ணில் படாததற்கும் காரணம் உண்டு. ஆர்சியின் வெளியீடு இயந்திரத்தின் முதன்மை முனையமான கன்சோலுக்குப் போகிறது. பதிவுக் கோப்புகளில் இறங்குவதில்லை. எங்கள் கன்சோலோ யாரும் கேபிள் செருகாத சீரியல் போர்ட். ‘டிமெசெக்’ கட்டளையை ‘எஸ்’ விருப்பத்தோடு ஓட்டினால் கன்சோலில் ஓடிய செய்திகள் கிடைக்கும் என்பது பின்னால்தான் தெரிந்தது. கையேட்டுப் பக்கத்தில் ஒரு வரியாக அது எப்போதும் இருந்திருக்கிறது, நான்தான் படிக்கவில்லை.

இன்னொரு குறையை ஒவ்வொரு ஆண்டும் ஒருமுறையாவது சந்திக்கிறேன். நெட்ஸ்டார்ட் சேர்க்கும், நீக்காது. இஎம்1க்குக் கொடுத்திருந்த கூடுதல் முகவரி ஒன்றின் அலையஸ் வரியைக் கோப்பிலிருந்து அழித்துவிட்டு நெட்ஸ்டார்டை ஓட்டினால், பழைய முகவரி அசையாமல் அங்கேயே இருக்கும். அதைத் தனியே நீக்க வேண்டும், அல்லது மறுதொடக்கம் செய்ய வேண்டும். ‘என்’ விருப்பத்தோடு ஓட்டினால் எந்தக் கட்டளைகள் ஓடும் என்று அச்சிட்டுக் காட்டுகிறது, அது உதவியே. இருந்தாலும் கோப்பில் உள்ளதற்கும் கெர்னலில் உள்ளதற்கும் இடையே என்ன வேறுபாடு என்று அது சொல்வதில்லை. லினக்ஸில் பிணையத்தை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜர் இந்த ஓர் இடத்தில் முன்னே நிற்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன்.

2023இல் பிசி எஞ்சின்ஸ் ஏபியு பலகைகளை நிறுத்துவதாக அறிவித்ததைத் தொடர்ந்து, 2.5 ஜிகாபிட் இன்டெல் போர்ட்டுகள் கொண்ட ஒரு சிறு பெட்டிக்கு மாறினோம். அந்தப் போர்ட்டுகளை இயக்கும் டிரைவர் ஐஜிசி. இஎம்0 என்பது ஐஜிசி0 ஆனது. கோப்புகளின் பெயரை மாற்றினேன். விலான் கோப்புகளில் ‘பேரன்ட்’ என்ற சொல்லுக்கு அடுத்திருந்த பெயரையும், பிபிபிஓஇ கோப்பில் இருந்த பெயரையும் மாற்றினேன். ஃபயர்வால் விதிகளில் ஓர் எழுத்தையும் தொடவில்லை, ஏனெனில் அவற்றில் கார்டின் பெயரே இல்லை. இயல்பு வழியைத் தாங்கும் இடைமுகம் ‘ஈக்ரஸ்’ என்ற குழுவில் தானாகச் சேர்ந்துவிடுகிறது. உள்வலைக்கு நானே ‘குரூப்’ சொல்லைக் கொண்டு ஒரு குழு வைத்திருந்தேன். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 2013 ஜனவரியில் வந்த 197ஆம் வெளியீடு, கார்டு செருகியிருக்கும் இடத்தை வைத்து இஎன்பி3எஸ்0 என்பதைப் போல இடைமுகங்களுக்குப் பெயரிடத் தொடங்கியது. பெயர் ஓரளவு நிலைக்கிறது, வாயில்தான் நுழையவில்லை. ஓபன்பிஎஸ்டியில் இப்போது கோப்பின் பெயராகக் கார்டின் வன்பொருள் எண்ணான மேக் முகவரியையும் வைக்கலாம். யுஎஸ்பி ஈதர்நெட் கார்டுகளை மாற்றி மாற்றிச் செருகுபவருக்கு அது பயன்படும், எனக்குத் தேவைப்படவில்லை.

மடிக்கணினியைப் பற்றிச் சொல்லச் சிறிதே உண்டு. 2018இன் 6.4 வெளியீட்டில் வந்த ‘ஜாயின்’ சொல்லால் வீடு, அலுவலகம் என்று தெரிந்த வைஃபைகளை வரிசையாக எழுதிவைத்தால் கிடைப்பதில் சேர்ந்துகொள்கிறது. வலையிலிருந்து முகவரியைத் தானாகப் பெற முன்பு ‘டிஹெச்சிபி’ என்று எழுதியதை இப்போது ‘ஐநெட் ஆட்டோகான்ஃப்’ என்று எழுதுகிறோம், 2021இன் 7.0 முதல் அந்த வேலையை டிஹெச்சிபிலீஸ்டு என்னும் பின்னணி நிரல் பார்க்கிறது. ஹோட்டல்களின் உள்நுழைவுப் பக்கங்களோடு தினமும் மல்லுக்கட்டுபவருக்கு இம்முறையைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வைஃபை, பிபிபிஓஇ கடவுச்சொற்கள் இக்கோப்புகளில் வெற்றெழுத்தாகவே கிடக்கின்றன. கோப்பைப் பிறர் படிக்கும்படி அனுமதி இருந்தால் நெட்ஸ்டார்ட் எச்சரித்து, தானே திருத்திவிடுகிறது. ஹோஸ்ட்நேம்.இஎம்0.ஓல்டு என்று காப்புப் பிரதி வைத்தால் அதையும் ஓட்டிவிடுமோ என்று நெடுங்காலம் அஞ்சி, பிரதிகளை வேறு அடைவில் வைத்துவந்தேன். எழுத்தில் தொடங்கி எண்ணில் முடியாத பெயர்களை ஸ்கிரிப்ட் கடந்துபோய்விடுகிறது என்பது அதைப் படித்த மாலையில் தெரிந்தது.

கோப்பில் எதை மாற்றினாலும், நெட்ஸ்டார்டைக் கையால் ஓட்டிப் பார்த்ததோடு இப்போது விடுவதில்லை. மாலை ஆறு மணிக்கு மேல், எல்லோரும் கிளம்பிய பிறகு, சீரியல் கேபிளைச் செருகி, வேகத்தை 115200 என்று வைத்து, பெட்டியை மறுதொடக்கம் செய்து, செய்திகள் வரிவரியாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போன மாதம் புதிய விலான் ஒன்றுக்கு இப்படிச் செய்தபோது, கையால் ஓட்டுகையில் காணாத ஒரு பிழை அங்கே தெரிந்தது: நான்காவது விலான் கோப்பில் பேரன்ட் வரியில் இன்னும் இஎம்1 என்றே இருந்தது.