டீசல் ஒழுகுகிறது என்றதும் பம்பை இறக்க விடாதீர்கள்

பழைய டிராக்டர் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டீசல் லீக் என்று சொன்னதும், எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பார்க்காமலே "பம்ப் போச்சுங்க, இறக்கணும்" என்கிற ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டுவிட்டு வராதீர்கள். என் காசும் போனது, உழவுப் பருவத்தில் பாதியும் போனது.

எங்கள் வண்டியில் டீசல் பம்பின் அடியில் ஈரம் கட்டிக்கொண்டே இருந்தது. இரவு நிறுத்தினால் காலையில் கீழே மண் நனைந்திருக்கும். நிலத்தில் ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டிய நேரம் அது. ஒர்க்‌ஷாப்காரர் பம்பைத் தடவி, விரலில் ஒட்டிய டீசலைக் காட்டினார். பம்புக்குள் இருக்கும் பிளஞ்சர், டெலிவரி வால்வு, சீல் எல்லாம் போய்விட்டது, முழுசாக ஓவர்ஹால் செய்ய வேண்டும் என்றார். வேறு எதையும் பார்க்கவில்லை.

பம்ப் புதுப் பெயின்ட்டோடு பளபளவென்று திரும்பி வந்தது. பில்லில் பாகங்களின் பட்டியல் நீளமாக இருந்தது. கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டேன். "அதெல்லாம் ஸ்கிராப்ல போட்டாச்சுங்க" என்றார்கள். வயலில் இறக்கிய அன்றே அதே இடத்தில் அதே ஒழுகல். போதாக்குறைக்கு முன்பு இல்லாத கோளாறுகளும் சேர்ந்துகொண்டன: காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆகவில்லை, வெள்ளைப் புகை தள்ளியது, கலப்பையை இறக்கினால் இழுவையே இல்லை.

திரும்பக் கொண்டுபோனதற்கு, இணைப்புகளைக் கழற்றி உள்ளும் புறமும் சிலிக்கான் பேஸ்ட்டை அப்பிக் கொடுத்தார்கள். இதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது. சாதாரண சிலிக்கான் டீசலில் நிற்காது. ஊறி, உப்பி, துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து டீசல் போகும் வழியிலேயே சிக்கிக்கொள்ளும். எங்கள் ஃபில்டருக்குள் அதுதான் கிடந்தது. டீசல் லைனில் யாராவது அதைப் பூச வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

கடைசியில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவர் ஸ்பானரை எடுக்கும் முன்பே ஃபில்டர், பைப், பம்ப் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, நன்றாகக் காயவிட்டார். பிறகு சாக்பீஸ் பொடியை மெல்லியதாகத் தூவி, டேங்க் டேப்பைத் திறந்து, டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தள்ளும் சின்ன ஃபீட் பம்பின் கை லீவரை அடித்தார். ஃபில்டர் தலையில் டீசல் நுழைகிற பேஞ்சோ போல்ட்டை (டீசல் போக உள்ளே துளையுள்ள போல்ட்) சுற்றித்தான் பொடி முதலில் கறுத்தது. அங்கிருந்து பைப்பின் அடிப்பக்கமாகவே வழிந்து பம்பின்மேல் வந்து சொட்டியது. டீசல் அப்படித்தான், ஒழுகுவது ஓரிடம், சொட்டுவது வேறிடம். கோளாறு அந்த போல்ட்டின் 2 காப்பர் வாஷர்களில் இருந்தது. நசுங்கி, இறுகி, கோடு விழுந்துபோயிருந்தன. பேஸ்ட்டைச் சுரண்டி எடுத்து, புது வாஷர் போட்டு, லைனில் புகுந்த காற்றை வெளியேற்றியதும் ஒழுகல் நின்றது. புது வாஷர் கிடைக்காவிட்டால் பழையதைச் செக்கச்சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகிவிடும், கோடு விழாததாக இருந்தால் திரும்பப் போடலாம் என்றும் சொன்னார்.

வெள்ளைப் புகைக்கும் காரணம் அவரே காட்டினார். பம்பை மாட்டும்போது, டீசல் சரியான நேரத்தில் பாய்வதற்கான டைமிங் குறிகளைச் சேர்க்காமல் முடுக்கியிருக்கிறார்கள். சரிசெய்ததும் இழுவை திரும்பியது. அப்போதுதான் பம்பின் பக்கவாட்டு மூடியையும் பார்த்தோம். திருகுகளின் இடுக்கில் பழைய பிசுக்கு கல்லாக இறுகிக் கிடக்க, அதன்மேலேயே பெயின்ட் அடித்திருந்தது. அந்த மூடி திறக்கப்படவே இல்லை. உள்ளே என்ன மாற்றியிருக்க முடியும்?

பம்ப் கெடவே கெடாது என்று சொல்லவில்லை. ஃபீட் பம்பின் டயாபிரம் கிழியும், பெரிய பம்பின் ஷாஃப்ட் சீலும் தேயும். அப்போது வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாமல் டீசல் இன்ஜின் ஆயிலில் கலக்கலாம். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருந்தாலோ, ஆயில் தண்ணீர்போல ஓடி டீசல் வாடை அடித்தாலோ வண்டியை ஓட்டாதீர்கள், பேரிங் போய்விடும். அந்த வேலைக்கும் பம்பை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள், கழற்றிய சாமானைக் கையோடு வாங்கி வாருங்கள். இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்குப் போகும் பைப்பில் லீக் தேடுவதென்றால், இன்ஜின் ஓடும்போது விரலை அருகில் கொண்டுபோகவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். தூரத்திலிருந்து அட்டையை நீட்டிப் பார்க்கலாம்.

பழைய ஒர்க்‌ஷாப்பில் போய்க் கேட்டதற்கு, "வேற ஆள் கை வெச்ச வண்டிக்கு நாங்க பொறுப்பில்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பில், மூடியின் படங்கள், அந்த வாஷர்கள் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. எழுத்து மூலமாகப் புகார் கொடுக்கப் போகிறேன்.